ஒரே அச்சு, ஒரே பிளாஸ்டிக்... நீல மூடி மட்டும் ஏன் கோணுகிறது? ஒரு சிட்டிகைப் பொடி செய்யும் வேலை

டிபன் டப்பாவுக்கு மூடி தயாரிக்கும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். மெஷின் ஒன்றுதான். அச்சும் ஒன்றுதான். உள்ளே கொட்டுகிற பிளாஸ்டிக் குருணையும் ஒரே மூட்டையில் இருந்து வந்ததுதான். காலையில் வெள்ளை மூடி ஓடுகிறது. 'டிக்' என்ற சத்தத்தோடு டப்பாவில் கச்சிதமாக உட்காருகிறது. மதியம் நிறத்தை மட்டும் நீலத்துக்கு மாற்றுகிறார்கள். இப்போது மூடி லேசாகக் கோணிக்கொள்கிறது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்புகிறது.

இதில் யாருடைய கவனக்குறைவும் இல்லை. சில வகை நீல, பச்சை நிறமிகள் சேர்ந்தால் மூடிகளும் கிரேட்களும் கோணுவது, பிளாஸ்டிக் துறையில் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த தலைவலி. காரணம் நிறம் அல்ல. அந்த நிறத்தைத் தருகிற பொடியின் மேற்பரப்பு.

ஒரு பிளாஸ்டிக் பொருள் கண்ணாடி மாதிரி தெரியுமா, பால் மாதிரி மங்கலாக இருக்குமா, கீழே விழுந்தால் உடையுமா, சூடான டீயைத் தாங்குமா? இதையெல்லாம் அது எந்த மூலக்கூறால் ஆனது என்பது மட்டும் முடிவு செய்வதில்லை. அது உறையும்போது உள்ளே படிகங்கள் எங்கிருந்து வளரத் தொடங்குகின்றன என்பதும் முடிவு செய்கிறது. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

பிளாஸ்டிக்குக்குள் படிகமா?

படிகம் என்றால் உப்பு, கற்கண்டு, வைரம்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் நம் வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி பாதிப் படிகம்தான். டிபன் டப்பா, பக்கெட், நாற்காலி, பாட்டில் மூடி, ஊசி போடும் சிரிஞ்சு ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். இரண்டுமே உறையும்போது ஒரு பகுதி ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். மீதி ஒழுங்கில்லாமலே நின்றுவிடும்.

பாலிமர் என்பது நீளமான சங்கிலி. பாலிபுரொப்பிலீனின் ஒரு சங்கிலியில் ஆயிரக்கணக்கான கண்ணிகள் இருக்கும். உருகிய நிலையில் இவை பிழிந்து வைத்த இடியாப்பம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. குளிரும்போது இந்தச் சிக்கலில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு வந்து வரிசையாக நிற்க வேண்டும்.

எல்லாச் சங்கிலியாலும் இப்படி வரிசைக்கு வர முடியாது. கண்ணிகளின் பக்கக் கிளைகள் ஒரே ஒழுங்கில் இருந்தால்தான் முடியும். அப்படி ஒழுங்கான பாலிபுரொப்பிலீனை 1954-ல் உருவாக்கியவர் இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நாட்டா. ஜெர்மனியின் கார்ல் சீக்லர் கண்டுபிடித்த வினையூக்கிதான் அதற்கு அடிப்படை. இருவருக்கும் சேர்த்து 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வரிசையாக நிற்பது எப்படி என்பதிலும் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. நீளமான சங்கிலி அப்படியே நீட்டி நிற்பதில்லை. புடவையை மடித்து வைக்கிற மாதிரி, திரும்பத் திரும்ப மடிந்து மெல்லிய தகடாகிறது. பாலிஎத்திலீனில் இந்த மடிப்பை 1957-ல் விளக்கியவர்களில் முக்கியமானவர், பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ கெல்லர். இந்தத் தகட்டின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு.

இந்தத் தகடுகள் ஒரு புள்ளியில் இருந்து கிளம்பி, நாலாபக்கமும் கிளைவிட்டு வளர்ந்து ஒரு உருண்டையாகின்றன. இதற்கு ஸ்ஃபெருலைட் என்று பெயர். கோளப்படிகம் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக் கோளத்தோடு முட்டிக்கொள்ளும் வரை இது வளரும். முட்டிய இடத்தில் ஒரு எல்லைக்கோடு விழும். அந்தக் கோடுதான் பின்னால் விரிசல் ஓடுகிற வழியாகவும் மாறலாம். அதனால் கோளங்கள் எத்தனை, எவ்வளவு பெரியவை என்பது சின்ன விஷயமில்லை.

முதல் அடி வைப்பதுதான் கஷ்டம்

படிகம் வளர்வது சுலபம். தொடங்குவதுதான் கஷ்டம். ஏன்?

ஒரு சில சங்கிலித் துண்டுகள் தற்செயலாக வரிசையில் நின்று ஒரு குட்டிப் படிகமாகிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பகுதிக்கு அது லாபம். ஆற்றல் குறைகிறது. ஆனால் வெளிப்புறம் நஷ்டம். சுற்றியுள்ள உருகிய பிளாஸ்டிக்கோடு புதிதாக ஒரு மேற்பரப்பை உருவாக்குவதற்கு ஆற்றல் செலவாகிறது. படிகம் மிகச் சின்னதாக இருக்கும்போது உள்ளே இருப்பதைவிட வெளிப்பரப்புதான் ஒப்பீட்டளவில் அதிகம். அதனால் நஷ்டம் ஜெயித்துவிடும். குட்டிப் படிகம் கரைந்துபோகும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் அது பிழைக்கும். அந்த அளவைத் தொட்ட துணுக்குதான் படிகக் கரு.

தண்ணீரிலும் இதே கதைதான். 0 டிகிரி செல்சியஸில் தண்ணீர் உறையும் என்று படித்திருக்கிறோம். ஆனால் தூசி எதுவும் கலக்காத மிகச் சிறிய தூய நீர்த்துளிகள், மைனஸ் 38 டிகிரி வரைகூட உறையாமல் திரவமாகவே இருக்கும். தொடங்குவதற்கு ஒரு இடம் கிடைக்காததுதான் காரணம்.

அந்த இடத்தைக் கொடுப்பதுதான் வேற்றுப் பொருளின் மேற்பரப்பு. பனங்கற்கண்டு செய்பவர்களுக்கு இது கைவந்த கலை. காய்ச்சிய பாகில் நூலைத் தொங்கவிடுவார்கள். நாள்கள் போகப் போக அந்த நூலைப் பற்றிக்கொண்டு கற்கண்டு வளரும். வாங்கிய கற்கண்டில் நூல் வருவது அதனால்தான். படிகத்தின் ஒரு பக்கம் நூலில் ஒட்டிக்கொள்வதால், புதிதாக உருவாக்க வேண்டிய பரப்பு குறைகிறது. தாண்ட வேண்டிய தடையும் குறைகிறது.

பிளாஸ்டிக்கில் இந்த வேலையைச் செய்யும் பொடிகளுக்கு 'நியூக்ளியேட்டிங் ஏஜென்ட்' என்று பெயர். தமிழில் கருவூக்கி எனலாம். பாலிபுரொப்பிலீன் சுமார் 165 டிகிரியில் உருகும். சோதனைக்கூடத்தில் மெதுவாகக் குளிரவைத்தால், பொடி சேர்க்காதது 110 டிகிரியை ஒட்டித்தான் வேகமாக உறையும். நல்ல கருவூக்கி சேர்த்தது 125 டிகிரியைத் தாண்டிய நிலையிலேயே உறையத் தொடங்கிவிடும்.

பட்டறைக்கு இதனால் என்ன லாபம்? நேரம்தான். அச்சில் ஊற்றி வார்க்கும் வேலையில் பெரும்பகுதி நேரம், பொருள் குளிர்வதற்காகக் காத்திருப்பதிலேயே போகிறது. ஒரு மூடிக்கு 20 வினாடி ஆகிறது என்றால் மணிக்கு 180 மூடி. அதில் 2 வினாடி மிச்சமானால் மணிக்கு 200 மூடி. மெஷினும் அதே, ஆளும் அதே.

எந்தப் பொடி போட்டாலும் வேலை நடக்குமா?

நடக்காது. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

பொடியின் மேற்பரப்பில் அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அந்த வரிசைகளுக்கு இடையே உள்ள தூரமும், பாலிமர் சங்கிலிகள் படிகத்தில் நிற்கும் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். ஏற்கெனவே உழுது வைத்த சாலில் விதை போய் உட்கார்வது மாதிரி, சங்கிலி அந்த வரிசையில் போய்ப் படிந்துகொள்ளும். இந்தப் பொருத்தத்துக்கு அறிவியலில் எபிடாக்ஸி என்று பெயர். பாலிமர்களில் இதை விரிவாக ஆராய்ந்தவர்கள் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கைச் சேர்ந்த பெர்னார்ட் லோட்ஸ், ஜான்-கிளோட் விட்மன் ஆகியோர். இடைவெளி துல்லியமாகப் பொருந்த வேண்டும் என்பதில்லை. சுமார் 10 முதல் 15 சதவீதம் வரை வித்தியாசம் இருந்தாலும் வேலை நடந்துவிடும்.

மேகத்தில் செயற்கை மழைக்காகத் தூவும் சில்வர் அயோடைடும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. அதன் அணு அடுக்கு பனிக்கட்டியின் அடுக்கை ஒத்திருக்கிறது. 1946-ல் அமெரிக்காவில் பெர்னார்ட் வானகட் இதைக் கண்டறிந்தார்.

பாலிபுரொப்பிலீனுக்கு ஏற்ற பொடிகளில் நமக்குத் தெரிந்த ஆட்களே இருக்கிறார்கள். ஒன்று சோடியம் பென்சோயேட். ஊறுகாய், ஜூஸ் பாட்டில்களில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் அதே பொருள். இன்னொன்று டால்க். முகப்பவுடருக்குப் பெயர் கொடுத்த அதே கனிமம். கல்சட்டி செய்யும் மாக்கல்லிலும் முக்கியமான கனிமம் இதுதான். நகத்தால் கீறினாலே கீறல் விழும் அளவுக்கு மென்மையானது. மெல்லிய தகடு தகடாகப் பிரியும். அந்தத் தகட்டின் முகம்தான் பாலிபுரொப்பிலீனுக்கு நல்ல ஆரம்ப இடம்.

அதே நேரம், சுண்ணாம்புக்கல் பொடியைப் பாருங்கள். கால்சியம் கார்பனேட். விலை குறைவு என்பதால் பிளாஸ்டிக்கில் அளவை நிரப்ப அதிகம் சேர்க்கப்படுவது இதுதான். இதன் கருவூக்கும் திறன் டால்க்கைவிட மிகக் குறைவு. நன்றாகக் கலக்க வேண்டும் என்பதற்காக இந்தப் பொடியின் மேல் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைப் பூசுவார்கள். பூசியபின் இருந்த கொஞ்சத் திறனும் இன்னும் குறைந்துபோகிறது. கல் மாறவில்லை, அதன் மேல் ஒரு மெல்லிய பூச்சு மட்டும்தான் வந்தது. அதிலேயே விளைவு மாறிவிடுகிறது. பாலிமர் 'பார்ப்பது' பொடியின் மேல்தோலை மட்டும்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

வேகம் கூடுகிறதா, எண்ணிக்கை கூடுகிறதா?

பலரும் குழம்பும் இடம் இது. பொடி போட்டால் படிகம் வேகமாக வளர்கிறது என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படி இல்லை. ஒவ்வொரு கோளமும் வளரும் வேகம், அந்த வெப்பநிலையில் கிட்டத்தட்ட அதேதான். தொடங்கும் இடங்கள்தான் பல மடங்கு கூடுகின்றன. ஒரு வயலில் 5 பேர் நாற்று நடுவதற்கும் 500 பேர் நடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஒருவரின் கை வேகம் மாறவில்லை. ஆனால் வயல் சீக்கிரம் முடிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் இடமும் சிறியதாகிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மில்லிமீட்டர் இடத்தில் 100 மைக்ரோமீட்டர் அகலமுள்ள கோளங்கள் சுமார் 1,000 இருக்கலாம். அகலம் 10 மைக்ரோமீட்டராகக் குறைந்தால் சுமார் 10 லட்சம்.

நெய்யில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காய்ச்சிய நெய்யை மெதுவாக ஆறவிட்டால் பெரிய பெரிய மணலாக உறையும். சட்டென்று ஃபிரிட்ஜில் வைத்தால் மழமழவென்று உறைந்துவிடும். மெதுவாக ஆறும்போது கரு குறைவு, மணல் பெரிது. வேகமாக ஆறும்போது கரு அதிகம், மணல் சிறிது. பொடி செய்வதும் இதையேதான். வேகமாகக் குளிர்விக்காமலே கருக்களின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறது.

மங்கலான டப்பா கண்ணாடி மாதிரி ஆவது எப்படி?

பாலிபுரொப்பிலீன் இயல்பிலேயே பால் நிறத்தில் மங்கலாக இருக்கும். அதற்கென்று நிறம் எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் கோளங்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதுதான் காரணம். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். கோளங்கள் அதைவிடப் பெரிதாக இருந்தால் ஒளி சிதறும். அந்த அளவுக்குக் கீழே போய்விட்டால் ஒளி பெரிதாகச் சிதறாமல் கடந்துவிடும்.

இதற்காகவே 'கிளாரிஃபையர்' என்ற தனி ரகக் கருவூக்கிகள் இருக்கின்றன. இவற்றில் பிரபலமானவை சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலில் இருந்து செய்யப்படுபவை. சார்பிட்டால் என்றால் சர்க்கரை சேர்க்காத மிட்டாய்களில் இனிப்புக்காகப் போடுவது. ஆனால் பிளாஸ்டிக்கில் சேர்ப்பது அதை வேதி மாற்றம் செய்த வேறொரு பொருளை.

இது வேலை செய்யும் விதம் அழகு. மற்ற பொடிகள் மாதிரி உருகிய பிளாஸ்டிக்கில் மணலாகக் கிடக்காமல், கரைந்தேவிடும். குளிரும்போது, பாலிபுரொப்பிலீன் உறைவதற்கு முன்பே இது மட்டும் பிரிந்து வந்து, சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள நூல்களாக ஒரு வலையைப் பின்னிவிடும். பாலிமர் படிகங்கள் அந்த வலையின் நூல்களைப் பற்றிக்கொண்டு வளரும். நூலுக்கு நூல் இடைவெளி மிகக் குறைவு என்பதால் எதற்கும் பெரிதாக வளர இடமில்லை. டப்பா தெளிவாகிவிடும். ஒரு கிலோ பிளாஸ்டிக்குக்கு இதைச் சேர்ப்பது 2 கிராம் அளவுதான்.

மருந்து எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று செவிலியர் சிரிஞ்சின் வெளியே இருந்தே பார்க்க முடிகிறது அல்லவா? ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிரிஞ்சின் குழாய் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன்தான். அந்தத் தெளிவுக்குப் பின்னால் இந்த வித்தைதான் இருக்கிறது.

சரி, நீல மூடி ஏன் கோணியது?

இப்போது விடை சுலபம். நீல, பச்சை நிறங்களுக்கு அதிகம் பயன்படும் நிறமி தாலோசயனின் வகை. நடுவில் தாமிர அணு உள்ள தட்டையான மூலக்கூறு. வெயிலில் வெளுக்காது, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் அதன் மேற்பரப்பு பாலிஎத்திலீனுக்கும் பாலிபுரொப்பிலீனுக்கும் நல்ல ஆரம்ப இடமாக அமைந்துவிடுகிறது. அதாவது, யாரும் கேட்காமலே கருவூக்கி வேலையைச் செய்கிறது. வெள்ளைக்குப் போடும் டைட்டானியம் டை ஆக்சைடு இந்த அளவுக்குச் செய்யாது.

விளைவு என்ன? அச்சுக்குள் பாய்ந்துகொண்டிருக்கும்போதே, பாயும் திசையில் சங்கிலிகள் இழுபட்டு நிற்கின்றன. அவை தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்புவதற்குள் படிகம் உறைந்து அவற்றைப் பிடித்துவைத்துவிடுகிறது. இதனால் பாய்ந்த திசையில் ஒரு அளவும், குறுக்குத் திசையில் வேறொரு அளவுமாகச் சுருங்குகிறது. பாலிபுரொப்பிலீன் பொதுவாக 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும். இதைக் கணக்கில் வைத்துத்தான் அச்சையே கொஞ்சம் பெரிதாக வெட்டுகிறார்கள். 100 மி.மீ. மூடியில் ஒரு பக்கம் 0.3 சதவீதம் கூடுதலாகச் சுருங்கினால் அது 0.3 மி.மீ. மூடி கோண அது போதும்.

இதற்குத் தீர்வும் படிகத்தில்தான் இருக்கிறது. நிறமியைவிட வலுவான ஒரு கருவூக்கியை எல்லா நிறங்களிலும் சேர்த்துவிடுவார்கள். அப்போது நிறமியின் குரல் எடுபடாது. வெள்ளையோ நீலமோ சிவப்போ எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரி சுருங்கும். தாலோசயனின் அல்லாத நீல நிறமிக்கு மாறுவது இன்னொரு வழி.

சிவப்பிலும் ஒரு கதை இருக்கிறது. குயினாக்ரிடோன் என்ற சிவப்பு நிறமி வகை ஒன்று, பாலிபுரொப்பிலீனை வழக்கமான அடுக்கில் இல்லாமல் 'பீட்டா' என்ற வேறொரு அடுக்கில் படிகமாக்குகிறது என்பதை 1960-களிலேயே கண்டுபிடித்தார்கள். இந்த அடுக்கு கொஞ்சம் குறைந்த வெப்பத்திலேயே உருகும். ஆனால் அடி தாங்கும் சக்தி அதிகம். இன்று தொழிற்சாலைக் குழாய்களுக்காக வேண்டுமென்றே இந்த அடுக்கை உருவாக்குகிறார்கள். ஒரு நிறத்துக்காகப் போட்டது, ஒரு புது ரகப் பிளாஸ்டிக்கையே காட்டிக்கொடுத்தது.

நார் சேர்த்தால் என்ன ஆகும்?

கார் கதவின் உள்பக்க அட்டை, டாஷ்போர்டு போன்றவற்றில் கண்ணாடி இழை, சணல், கெனாஃப் போன்ற நார்களைப் பாலிபுரொப்பிலீனோடு சேர்க்கிறார்கள். நாரின் மேற்பரப்பும் ஒரு ஆரம்ப இடம்தான். சில நார்களின் மேல் கருக்கள் மிக நெருக்கமாகத் தோன்றும். அக்கம்பக்கத்தில் இடமே இல்லாததால் எந்தப் படிகமும் உருண்டையாக விரிய முடியாது. எல்லாம் நாருக்குச் செங்குத்தாக, வெளிநோக்கி மட்டுமே வளரும். நுண்ணோக்கியில் பார்த்தால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி நாரைச் சுற்றி ஒரு உறை தெரியும். இதற்கு 'டிரான்ஸ்கிரிஸ்டலைன்' அடுக்கு என்று பெயர்.

இந்த உறை வந்தால் நாரும் பிளாஸ்டிக்கும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுமா? இதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. சில சேர்க்கைகளில் வலு கூடுகிறது, சிலவற்றில் கூடவில்லை. அதனால் தொழிற்சாலைகள் உறையை மட்டும் நம்புவதில்லை. தண்ணீரை விரும்பும் நாரையும் தண்ணீரை விரும்பாத பிளாஸ்டிக்கையும் இணைக்க, மாலிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிபுரொப்பிலீனைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். ஒரு முனை நாரைப் பிடிக்கும், மறுபகுதி பிளாஸ்டிக் படிகத்துக்குள் போய்க் கலந்துகொள்ளும்.

கொஞ்சம் போட்டால் நல்லது... நிறையப் போட்டால்?

அளவுக்கு மிஞ்சினால் இங்கேயும் நஞ்சுதான்.

நல்ல உதாரணத்தில் இருந்து தொடங்குவோம். 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானின் டொயோட்டா ஆய்வுக்கூடத்தில், ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள களிமண் தகடுகளை நைலான்-6-க்குள் பரப்பினார்கள். சேர்த்தது 5 சதவீதத்துக்கும் குறைவு. பாரத்தோடு சூடாக்கினால் வளையத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 65 டிகிரியில் இருந்து 140 டிகிரிக்கும் மேலே போனது. களிமண் தகட்டை ஒட்டி நைலானின் படிக அடுக்கே வேறு வடிவத்துக்கு மாறியதும் தெரியவந்தது. 1993-ல் இது டொயோட்டா காரின் டைமிங் பெல்ட் மூடியாகச் சாலைக்கே வந்தது.

ஆனால் இப்படிப்பட்ட நுண்பொடியை மேலும் மேலும் கூட்டினால் கதை திரும்பும். பொடிக்கும் பொடிக்கும் இடைவெளி குறைந்து, நடுவில் மாட்டிக்கொள்ளும் சங்கிலிகளால் அசையவே முடியாது. படிகம் தொடங்க இடம் ஏராளம், ஆனால் வளர வழியில்லை. கூட்டம் நிரம்பிய டவுன் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் அங்கே போக முடியாத நிலை. பல நானோ கலவைகளில் பொடி கொஞ்சமாக இருக்கும்போது படிகமாதல் வேகமெடுத்து, அளவு கூடியதும் மறுபடி மந்தமாவதை அளந்திருக்கிறார்கள்.

விலை குறைந்த நாற்காலியில் பிரச்னை வேறு. அங்கே சுண்ணாம்புக்கல் பொடி படிகத்துக்காகச் சேர்க்கப்படுவதில்லை, பிளாஸ்டிக்கின் செலவைக் குறைக்கச் சேர்க்கப்படுகிறது. ஓரளவு வரை விறைப்பு கூடும், நல்லதுதான். அளவு மீறினால் பொடியும் பிளாஸ்டிக்கும் சேரும் இடங்கள் பிரிந்து, உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் உண்டாகும். வளைத்த இடம் வெளுத்துப் போவது அதன் அடையாளம்.

வெயிலும் சேர்ந்துகொள்ளும். புற ஊதாக் கதிர் மேற்பரப்பில் உள்ள சங்கிலிகளைத் துண்டிக்கிறது. துண்டான குட்டிச் சங்கிலிகளுக்கு இப்போது நகர வசதி அதிகம் என்பதால், உறைந்து பல மாதம் ஆன பிறகும் அவை புதிதாகப் படிகத்தில் சேர்ந்துகொள்கின்றன. மேல்தோல் மட்டும் சுருங்குகிறது, உள்ளே சுருங்கவில்லை. அதனால்தான் மொட்டை மாடியில் கிடந்த நாற்காலியில் வறண்ட குளம் மாதிரி மேலாக வெடிப்பு விழுகிறது. உட்காரும்போது திடீரென்று கால் உடைவதற்கு முன்பு அது காட்டும் எச்சரிக்கை இதுதான்.

மக்கும் கப்பில் சூடான டீ

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கவும் பல பொருட்களுக்குத் தடை வந்தது. இதையொட்டி அதிகம் பேசப்படும் மாற்றுகளில் ஒன்று பிஎல்ஏ. சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையில் இருந்து கிடைக்கும் லாக்டிக் அமிலத்தால் ஆன பாலிமர்.

இதில் ஒரு சிக்கல். பிஎல்ஏ படிகமாவதில் மகா சோம்பேறி. அச்சில் சாதாரணமாகக் குளிர்ந்தால் ஒழுங்கில்லாமலே உறைந்துவிடும். அப்படி உறைந்த கப் சுமார் 60 டிகிரியிலேயே தொளதொளவென்று ஆகிவிடும். நம்ம ஊர் டீயின் சூடு அதைவிட அதிகம்.

அதற்குத் தீர்வாக டால்க் போன்ற கருவூக்கியைச் சேர்த்து, அச்சையும் சூடாக வைத்துப் படிகமாக விடுகிறார்கள். அப்படிச் செய்த ஸ்பூனும் கப் மூடியும் 80 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. அச்சில் கூடுதல் நேரம் ஆகும். கண்ணாடி மாதிரி இருந்தது மங்கலாகும். படிகப் பகுதிக்குள் தண்ணீரும் நுண்ணுயிரும் நுழைவது கடினம் என்பதால் மக்குவதும் மெதுவாகும். ஏற்கெனவே பிஎல்ஏ மக்குவதற்கு 60 டிகிரியை ஒட்டிய சூடு நிலவும் உரக்கூடம் தேவை. வீட்டுக் குப்பைக் குழியில் போட்டால் அது சீக்கிரம் மக்காது.

மறுசுழற்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பழைய பக்கெட், டப்பா, மூடி எல்லாம் சேர்ந்து உருகும்போது அவற்றில் இருந்த நிறமி, டால்க், சுண்ணாம்பு, கிளாரிஃபையர் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ஒவ்வொன்றும் தன் பங்குக்குப் படிகத்தைத் தொடங்கிவைக்கும். இன்று வந்த மூட்டை ஒரு மாதிரி சுருங்கும், நாளை வரும் மூட்டை வேறு மாதிரி. மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் துல்லியமான மூடி செய்வது கஷ்டம், பூந்தொட்டி செய்வது சுலபம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரித்தெடுப்பதிலும் பொடி குறுக்கே வரும். பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி சுமார் 0.9. அதனால் தண்ணீரில் மிதக்கும். மறுசுழற்சிக் கூடங்களில் இதை வைத்தே மற்ற பிளாஸ்டிக்கில் இருந்து பிரிக்கிறார்கள். ஆனால் 20 சதவீதம் டால்க் அல்லது சுண்ணாம்பு சேர்த்தால் அடர்த்தி 1.04-ஐத் தொட்டுவிடும். மூழ்கும். அப்போது அது தவறான குவியலுக்குப் போய்ச் சேரும்.

வாங்கும்போது எதைப் பார்க்கலாம்?

* அடிப்பகுதியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பாலிபுரொப்பிலீன். டப்பா தெளிவாக இருப்பதாலேயே அது வேறு உயர்ந்த பிளாஸ்டிக் என்று அர்த்தமில்லை. மங்கலாக இருப்பதாலேயே தரம் குறைவு என்றும் அர்த்தமில்லை. வித்தியாசம் படிகத்தின் அளவில் இருக்கலாம்.

* மூடி தனியாக வாங்குவதாக இருந்தால், கடையிலேயே டப்பாவில் பொருத்திப் பாருங்கள். நிறம் மாறினால் பொருத்தமும் மாறலாம் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

* உடைந்த நாற்காலியின் துண்டு கிடைத்தால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மூழ்கினால் அதில் பொடி நிறையவே இருக்கிறது, அல்லது அது வேறு பிளாஸ்டிக். காலிலோ கைப்பிடியிலோ வெள்ளைக் கோடும் மேல்வெடிப்பும் தெரியும் நாற்காலியில் பெரியவர்களை உட்கார வைக்காதீர்கள்.

* உணவு டப்பாவுக்கு எந்தப் பிளாஸ்டிக், எந்த நிறமி என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதிகள் இருக்கின்றன. உணவைத் தொடும் பாலிபுரொப்பிலீனுக்கு ஐஎஸ் 10910, நிறமிகளுக்கு ஐஎஸ் 9833. பெயிண்ட் டப்பாவையோ பொம்மை வாளியையோ கழுவி ஊறுகாய் போட்டு வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். பிளாஸ்டிக் ஒன்றாகவே இருந்தாலும் அதற்குள் போன பொடி ஒன்றல்ல.